ஜூஸ் கடைச் சுவரில் மூன்று அந்துப்பூச்சிகள்: ஆப்பிரிக்க ஆரஞ்சுப் பூச்சி தானா?

ஜூஸ்கடை தண்டையார்பேட்டை கேட்டது:

வணக்கம். தண்டையார்பேட்டை டி.எச். ரோட்டில் 14 வருடமாக ஜூஸ் கடை நடத்துகிறேன். பூச்சிகளைப் பற்றிப் படித்தவன் இல்லை. ஆனால் நாள் முழுக்கப் பழத்தோடு கிடக்கிறவன். சாத்துக்குடியைக் கையில் எடுத்தாலே உள்ளே நல்லதா கெட்டதா என்று தெரிந்துவிடும். மாங்கொட்டைக்குள் இருக்கும் வண்டு, கொய்யாவில் நெளியும் ஈப்புழு, மாதுளையில் ஓட்டை போடும் புழு எல்லாம் பார்த்துப் பழகியவை. இது மட்டும் பிடிபடவில்லை.

கடைக்குப் பின்னால் எட்டுக்கு ஆறு அடியில் ஒரு சரக்கு அறை. ஜன்னல் கிடையாது. போன செவ்வாய்க்கிழமை காலை ஐந்தரைக்கு உள்ளே போய் டியூப் லைட்டைப் போட்டேன். ஆரஞ்சுப் பெட்டிகளுக்கு நேர் மேலே, சுவரில் மூன்று சின்ன அந்துப்பூச்சிகள். வீட்டில் அரிசி டப்பாவைத் திறந்தால் பறக்குமே, அந்த அந்துதான் என்று நினைத்துத் துடைப்பத்தை எடுத்தேன். கிட்டே போனதும் கை நின்றுவிட்டது. அரிசி அந்து வெளுத்த சாம்பலாக, இறக்கையில் சொல்லும்படி ஒரு படமும் இல்லாமல் இருக்கும். இதுவோ செம்மண்ணில் காப்பிப்பொடி கலந்த மாதிரி ஒரு பழுப்பு. இறக்கையை மடித்து உட்கார்ந்திருப்பதை மேலிருந்து பார்த்தால் மணியின் வடிவம். முதுகில், இரண்டு இறக்கையும் சேரும் இடத்தில், பின்பக்கமாக ஒரு கரும்பழுப்புத் திட்டு. இறக்கைக்கு ஒரு முக்கோணமாக இருப்பது, மடிக்கும்போது ஒன்று சேர்ந்து ஒரே திட்டாகத் தெரிகிறது. ஓரம் வெட்டி எடுத்த மாதிரி தெளிவு.

இரண்டைக் கண்ணாடி டம்ளர் கவிழ்த்துப் பிடித்தேன். மூன்றாவது பறந்துவிட்டது. மகளின் கிராஃப் நோட்டில் வைத்து அளந்தேன். தலையிலிருந்து மடித்த இறக்கையின் நுனி வரை 11 மில்லிமீட்டர். படங்களை இணைத்திருக்கிறேன்.

அறையில் அன்றைக்கு இருந்த சரக்கையும் சொல்லிவிடுகிறேன். 15 கிலோ அட்டைப் பெட்டியில் எகிப்து வேலன்சியா ஆரஞ்சு நான்கு பெட்டி. சாத்துக்குடி இரண்டு மூட்டை. மாதுளை ஒரு கூடை. சர்க்கரை மூட்டை, நன்னாரி சர்பத் பாட்டில்கள், ஊத்துக்கோட்டையிலிருந்து ஆயா கொண்டுவந்து போட்ட புளி ஒரு கோணி, ஓடு உரிக்காதது. ஆரஞ்சில் ஐந்தாறு அழுகியிருந்தன. அதில் ஒன்றில் காம்புக்குப் பக்கத்தில் துளை மாதிரி ஒன்று இருந்தது. வெட்டிப் பார்க்காமல் குப்பையில் போட்டுவிட்டேன். இப்போது அதை நினைத்து வருத்தமாக இருக்கிறது.

போனில் ஒரு செயலியில் படத்தைப் போட்டேன். முதல் பெயராக வந்தது தாவ்மாடோடிபியா லூகோட்ரீட்டா. தேடிப் படித்தால், ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது, ஆரஞ்சுக்குள் புழுவாக இருந்து தின்னும், பல நாடுகள் இதற்குப் பயந்து பழத்தையே திருப்பி அனுப்புகின்றன என்று இருக்கிறது. எகிப்தும் ஆப்பிரிக்காதானே. இரண்டு நாள் தூங்கவில்லை. காரணம் என் கடை இல்லை. என் மாமாவுக்கு வெங்கடகிரி பக்கம் எலுமிச்சைத் தோட்டம். மாதம் இரண்டு முறை எனக்குக் காய் கொண்டுவருவார். திரும்பும்போது என் காலி ஆரஞ்சுப் பெட்டிகளைக் கட்டி எடுத்துக்கொண்டு போவார். இந்தப் பூச்சி என் பெட்டியில் ஏறி அவர் தோட்டத்தில் இறங்கினால் அந்தப் பாவம் என்னைத்தான் சேரும்.

இன்னொரு குழப்பம். ஒரு பக்கத்தில் தாவ்மாடோடிபியா லூகோட்ரீட்டா என்கிறார்கள், இன்னொரு பக்கத்தில் அதே பூச்சியை கிரிப்டோஃபிளீபியா லூகோட்ரீட்டா என்கிறார்கள், மற்றொன்றில் ஆர்கிரோப்ளோசே லூகோட்ரீட்டா. இது ஒரு பூச்சியா, மூன்றா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். படிக்கத் தயாராக இருக்கிறேன், பொறுமையாகச் சொன்னால் போதும்.


ராயபுரம் துறைமுக வேலை பதில்:

அண்ணே, வகைப்பாடெல்லாம் எனக்குத் தெரியாது. சரக்கு இறங்கும் இடத்தில் 20 வருடம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். முதல் வேலை, காலிப் பெட்டி எதையும் மாமாவிடம் கொடுக்காதீர்கள். என்ன பூச்சி என்று தெரிகிற வரைக்கும் அந்த அறையில் இருந்த எதுவும் வெளியே போக வேண்டாம்.

இரண்டாவது, பிடித்த பூச்சியைப் பத்திரப்படுத்துங்கள். பலரும் செல்லோ டேப்பில் ஒட்டி வைப்பார்கள். டேப்பைப் பிரித்தால் இறக்கைச் செதில் எல்லாம் அதோடு வந்துவிடும், அப்புறம் அதில் பார்க்க ஒன்றுமில்லை. சின்ன டப்பாவில் டிஷ்யூ வைத்து, பூச்சியைப் போட்டு, ஃப்ரீசரில் ஒரு நாள் வையுங்கள். எந்தத் தேதி, எந்த இடம், பக்கத்தில் என்ன சரக்கு என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி உள்ளேயே போடுங்கள்.

பழம் சும்மா வந்து இறங்கிவிடுவதில்லை என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அனுப்பும் நாட்டின் தாவர நலச் சான்று வேண்டும், இங்கே இறக்குமதி அனுமதி வேண்டும், தாவரத் தனிமைப்படுத்தல் அதிகாரிகள் மாதிரி எடுத்துப் பார்ப்பார்கள். 2003இல் வந்த மத்திய அரசு ஆணைப்படி நடக்கும் வேலை இது. தென்னாப்பிரிக்க ஆரஞ்சு சில நாடுகளுக்குப் போகும்போது கப்பலிலேயே பழத்தைப் பூஜ்ஜியம் டிகிரிக்கும் கீழே குளிர்வித்து மூன்று வாரத்துக்கு மேல் வைக்கிறார்கள், நீங்கள் சொல்லும் அதே புழுவைக் கொல்லத்தான். அதனால் ஒன்றும் வராது என்று சொல்லவில்லை. வந்தே தீர்ந்தது என்றும் நினைக்காதீர்கள். சென்னையின் மண்டலத் தனிமைப்படுத்தல் நிலையம் மீனம்பாக்கத்தில் இருக்கிறது. சந்தேகம் தீராவிட்டால் டப்பாவோடு அங்கே போகலாம்.


பெரம்பூர் பழைய லேப் பதில்:

தம்பி, உங்கள் படங்களைப் பெரிதாக்கி நேரம் எடுத்துப் பார்த்தேன். ஒரு கல்லூரி விலங்கியல் துறையில் 31 வருடம் ஆய்வக உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பட்டம் என்னிடம் இல்லை. அந்துப்பூச்சிகளைப் பிரித்து, ஊசி குத்தி, சீட்டு எழுதிய கை மட்டும் இருக்கிறது. நீங்கள் கேட்டது நல்ல கேள்வி, அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

குடும்பம் வரை செயலி சரியாகவே சொல்லியிருக்கிறது. மணி வடிவில் உட்காருவது டார்ட்ரிசிடே குடும்பத்தின் அடையாளம். இலைச்சுருட்டிகள் என்பார்கள், ஆனால் இதில் பாதிப் பேர் இலையைச் சுருட்டுவதே இல்லை, பழத்துக்குள்ளும் விதைக்குள்ளும் போய்விடுகிறார்கள். அரிசி அந்து வேறு குடும்பம். அது இல்லை என்று நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள்.

பெயர்க் குழப்பத்துக்கு வருகிறேன். மூன்று பெயரும் ஒரே பூச்சிக்குத்தான். 1901இல் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியில் ஃபுல்லர் என்ற பூச்சியியலாளர் ஆரஞ்சில் இந்தப் புழுவைப் பார்த்து எழுதினார். ஆப்பிள் பழத்தைத் துளைக்கும் காட்லிங் அந்தின் நேட்டால் உறவு என்று அப்போது நினைத்தார்கள். ஆங்கிலத்தில் இன்றைக்கும் இதைப் பொய்க் காட்லிங் அந்து என்று சொல்வது அந்தப் பழைய தொடர்பால்தான். 1913இல் எட்வர்ட் மெய்ரிக் முறையான பெயர் வைத்தார், ஆர்கிரோப்ளோசே லூகோட்ரீட்டா என்று. மெய்ரிக் இங்கிலாந்தில் மார்ல்பரோவில் பள்ளி ஆசிரியர். உலகம் முழுவதிலிருந்தும் அவருக்குப் பெட்டி பெட்டியாக நுண் அந்துகள் வரும். ஆயிரக்கணக்கான இனங்களுக்குப் பெயர் வைத்தவர். ஆனால் கைலென்ஸில் இறக்கையையும் நரம்புகளையும் பார்த்தே முடிவு செய்வார், வயிற்றைப் பிரித்து இனப்பெருக்க உறுப்புகளைப் பார்க்கும் முறையை ஏற்கவில்லை. அதன் விளைவாக, ஒரே மாதிரி இறக்கை உள்ளவை பல அவர் காலத்தில் ஒரே பேரினத்தில் அடைபட்டுக் கிடந்தன. ஆர்கிரோப்ளோசேவும் அப்படி ஒரு பெரிய மூட்டை.

அவர் இறந்த பிறகு அந்த மூட்டையைப் பிரிக்க வேண்டியிருந்தது. லண்டனில் இருக்கும் அவருடைய மூலமாதிரிகளை, அதாவது அவர் பெயர் வைக்க ஆதாரமாகக் கொண்ட பூச்சிகளை, ஒவ்வொன்றாகப் படம் பிடித்து ஆராய்ந்த அமெரிக்கர் கிளார்க், 1958இல் இதை கிரிப்டோஃபிளீபியா பேரினத்துக்கு மாற்றினார். நீங்கள் பார்த்த இரண்டாவது பெயர் அங்கிருந்து வந்தது. 1999இல் ஜப்பானியரான கோமாய் இந்தக் கூட்டத்தையே மறுபடி ஆராய்ந்து தாவ்மாடோடிபியாவுக்குக் கொண்டுபோனார். அந்தப் பேரினப் பெயர் அவர் உண்டாக்கியது இல்லை. 1915இலேயே ஜெர்மானியர் சாக்கர், இதே பூச்சியைப் புதிது என்று நினைத்து தாவ்மாடோடிபியா ரோரிகீ என்று ஒரு பெயர் கொடுத்திருந்தார். ரோரிகீ மறுபெயராகப் போய்விட்டது, பேரினம் மட்டும் பிழைத்துக்கொண்டது. தாவ்மா என்றால் கிரேக்கத்தில் அதிசயம், டிபியா என்பது காலின் ஒரு பகுதி. ஆணின் பின்னங்காலில் செதில் அடர்ந்து தூரிகை மாதிரி தடித்திருக்கும். இனப்பெயரில் லூகோ என்றால் வெள்ளை, ட்ரீட்டா என்பது துளைபட்டது. முன்னிறக்கையின் நடுவில் ஊசிமுனை அளவு ஒரு வெள்ளைப் புள்ளி உண்டு, அதற்குப் பொருத்தமான பெயர்.

இப்போது உங்கள் படம். முன்னிறக்கையில் வெள்ளைப் புள்ளியைத் தேடினேன், தெரியவில்லை. செதில் உதிர்ந்திருந்தால் அது காணாமல் போகலாம், அதனால் இதை மட்டும் வைத்து முடிவு சொல்ல மாட்டேன். லூகோட்ரீட்டாவுக்கும் முக்கோணக் குறி உண்டு. ஆனால் அது இறக்கையின் வெளிப்பகுதியில், மேலே ஒரு பிறைக் குறியோடு இருக்கும். உங்களுடையதில் முக்கோணம் கீழ் ஓரத்தை ஒட்டி, பெரிதாக, வெட்டி வைத்த மாதிரி இருக்கிறது. செயலிக்கு இரண்டும் பழுப்பு இறக்கை, இரண்டும் முக்கோணம். அது தடுமாறுகிற இடம் இதுதான். அளவும் உதவாது. லூகோட்ரீட்டாவின் பெண் இறக்கை விரித்தால் 20 மில்லிமீட்டர் வரும், உங்களுடையதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான் இருக்கும்.

எனக்கு இதில் வேறொரு பூச்சியின் முகம் தெரிகிறது. கிரிப்டோஃபிளீபியா ஓம்ப்ரோடெல்டா. 1898இல் ஆஸ்திரேலியாவிலிருந்து லோயர் என்பவர் விவரித்தது. பெயரில் இருக்கும் டெல்டா முக்கோணம்தான். இது நம் ஊர்ப் பூச்சியும்கூட. புளி, கொன்றை, வில்வம், கொடுக்காப்புளி, லிச்சி என்று காயும் விதையும் உள்ள இடமெல்லாம் போகும். லூகோட்ரீட்டா கிரிப்டோஃபிளீபியாவில் இருந்த நாற்பது வருடமும் இவை இரண்டும் ஒரே பேரினம். அவ்வளவு நெருங்கிய உறவு.

பழைய இந்திய வேளாண் புத்தகங்களில் புளியின் காய்த் துளைப்பானை ஆர்கிரோப்ளோசே இல்லெபிடா என்று போட்டிருப்பார்கள். சில இணையப் பக்கங்களில் இன்றும் அப்படியே இருக்கிறது. இல்லெபிடா என்ற பெயர் 1882இல் பட்லர் ஹவாய்த் தீவுப் பூச்சிக்குக் கொடுத்தது. 1953இல் பிராட்லி இந்தக் கூட்டத்தின் உறுப்புகளைப் பிரித்துப் பார்த்தபோதுதான் ஹவாய்க்காரர் வேறு, நம் புளிக்காரர் வேறு என்று தெளிவானது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் அலமாரியில் இருந்த சீட்டுகள் எல்லாம் இல்லெபிடாதான். ஒரு கோடை விடுமுறை முழுக்க உட்கார்ந்து திருத்தினேன்.

சரி, இனி நீங்கள் செய்ய வேண்டியது. ஆயாவின் புளிக் கோணியைத் தரையில் கொட்டுங்கள். ஒவ்வொரு காயாகப் பாருங்கள். துளை இருக்கிறதா, அந்தத் துளையில் பழுப்பு நிறத்தில் மெல்லிய தோல் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது கூட்டுப்புழு உரித்துவிட்டுப் போன சட்டை. ஓம்ப்ரோடெல்டாவின் புழு காய்க்குள்ளேயே கூட்டுப்புழுவாகும். முன்கூட்டியே வழி வெட்டி வைத்துக்கொண்டு, அந்து வெளிவரும்போது சட்டையை வாசலில் விட்டுவிட்டுப் போகும். லூகோட்ரீட்டா அப்படிச் செய்யாது. அதன் புழு வளர்ந்ததும் பழத்தை விட்டு இறங்கி மண்ணிலோ இடுக்கிலோ கூடு கட்டும். அதனால் ஆரஞ்சில் சட்டை தேடாதீர்கள், அட்டைப் பெட்டியின் நெளிவுகளைப் பிரித்துப் பாருங்கள். அதற்குப் பிடித்த இடுக்கு அதுதான்.

அப்புறம் எகிப்து. ஆப்பிரிக்கா என்பது ஒரு கண்டம், தம்பி. இந்தப் பூச்சியின் பூர்விகம் சஹாராவுக்குத் தெற்கே. தென்னாப்பிரிக்க ஆரஞ்சு நம் ஊருக்கு வருவது ஆடி, ஆவணி வாக்கில். பங்குனியில் உங்களிடம் இருப்பது வடக்குக் கோடியின் பழம். அதே சமயம் பங்குனி, புளி உலுக்கி முடித்த மாதம்.


ஜூஸ்கடை தண்டையார்பேட்டை பதில்:

சார், நேற்று மதியம் கடையை இரண்டு மணி நேரம் மூடிவிட்டு உட்கார்ந்தேன். நீங்கள் சொன்ன வரிசையிலேயே செய்தேன்.

முதலில் அட்டைப் பெட்டிகள். நான்கையும் கத்தியால் பிளந்து, நெளிவு நெளிவாகப் பிரித்து, வெயிலில் பிடித்துப் பார்த்தேன். தூசி, ஒரு செத்த கரப்பான் குஞ்சு. வேறு எதுவும் இல்லை. மீதி இருந்த ஆரஞ்சு 63. அத்தனையையும் குறுக்கே வெட்டினேன். நல்லது ஜூஸுக்குப் போனது. மூன்றில் அழுகல், பச்சைப் பூஞ்சணம். புழுவோ புழு போன வழியோ ஒன்றில்கூட இல்லை. அன்றைக்குக் குப்பையில் போட்டதைப் பற்றி என்னால் எதுவும் சொல்ல முடியாது, அது போனது போனதுதான்.

பிறகு புளிக் கோணி. ஆயாவும் வந்து உட்கார்ந்துகொண்டது. கொட்டியதும் முதல் கைப்பிடியிலேயே கிடைத்துவிட்டது, சார். காயின் ஓட்டில் குண்டூசித் தலையை விடப் பெரிய வட்டத் துளை, அதில் தேன் நிறத்தில் மெல்லிசாக ஒரு சட்டை, பாதி உள்ளே பாதி வெளியே. நீங்கள் எழுதியிருந்ததைப் படிக்காமல் இருந்திருந்தால் ஏதோ உலர்ந்த நார் என்று தட்டிவிட்டிருப்பேன். மொத்தம் 9 காயில் சட்டை இருந்தது. துளை மட்டும் இருந்த காய் இருபதுக்கு மேல். உடைத்துப் பார்த்தால் கொட்டையைக் குடைந்து, சதையோடு சேர்த்து நூலால் பின்னி, கருப்பு மணல் மாதிரி எச்சம். இரண்டு காயில் உயிரோடு புழு. உடம்பு இளஞ்சிவப்பு, தலை பழுப்பு, ஒரு சென்டிமீட்டரைத் தாண்டும்.

ஆயா அதைப் பார்த்துவிட்டு, "இதுக்கா ரெண்டு நாளா சோறு தின்னாம கெடந்த? ஊர்ல எல்லா மரத்துலயும் இருக்கும்டா இது" என்று சொல்லிவிட்டுப் புளியை முறத்தில் அள்ள ஆரம்பித்துவிட்டது.

எனக்கு ஒரு சந்தேகம் மட்டும் நிற்கிறது. புளியில் புழு இருக்கிறது என்பது தெரிந்தது. சுவரில் இருந்த அந்து அந்தப் புழுவிலிருந்து வந்ததுதான் என்று எப்படி உறுதியாகச் சொல்வது? இரண்டும் தனித்தனியாக ஒரே அறையில் இருக்கலாம் அல்லவா? மாமாவிடம் சொல்வதற்கு முன்னால் எனக்கு அது தெரிய வேண்டும்.


புளியந்தோப்பு புளிக்காரம்மா பதில்:

தம்பி, நான் புளி தட்டுகிற வேலைக்குப் போகிறவள். மாசி பிறந்தால் சித்திரை முடிகிற வரைக்கும் கை கருப்பாகவே இருக்கும். நீங்கள் சொல்கிற புழுவை நாங்கள் புளிப்புழு என்றுதான் சொல்வோம். மழை தள்ளிப் பெய்த வருடம், மரத்திலேயே காய் ரொம்ப நாள் நின்ற வருடம் அதிகமாக வரும், எங்கள் அனுபவம் அது.

ஓட்டோடு கோணியில் வைத்ததுதான் தப்பு. வாங்கிய வாரமே ஓடு உரித்து, நார் கிழித்து, கொட்டை எடுத்துவிடுங்கள். துளை விழுந்த காயைத் தனியாக ஒதுக்கி எரித்துவிட வேண்டும், குப்பையில் போட்டால் அங்கிருந்து பறக்கும். நல்ல புளியை இரண்டு மூன்று நாள் நன்றாக வெயில் காட்டி, கல்லுப்பு தூவி, மண்பானையில் அடுக்கி அழுத்தி வைத்தால் அடுத்த வருடம் வரைக்கும் ஒன்றும் ஆகாது. கடைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், வீட்டுக்கு எடுத்துப் போங்கள். ஆயாவிடம் கேட்டால் இதையேதான் சொல்வார்கள்.


பெரம்பூர் பழைய லேப் பதில்:

அம்மா சொன்னது சரி, ஆனால் தம்பி, எரிப்பதற்கு முன்னால் உயிருள்ள புழு இருக்கும் காய்களையும், துளை மட்டும் விழுந்து இன்னும் சட்டை வராத காய்கள் பத்தையும் எனக்காக ஒதுக்குங்கள். அகலமான ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு, வாயில் பழைய வேட்டித் துணியை இரட்டையாக மடித்து ரப்பர் பேண்ட் போடுங்கள். மூடி போட்டால் வேர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். வெயில் படாத இடத்தில் வையுங்கள். உள்ளே இருந்து அந்து வந்தால் அது புளியைத் தின்று வளர்ந்தது என்பதில் இரண்டாவது பேச்சு கிடையாது. உங்கள் சந்தேகத்துக்கு நேரான பதில் அதுதான். இவ்வளவு பொறுப்பாகக் கேட்டது எனக்குச் சந்தோஷம். எங்கள் மாணவர்களில் பலர் இந்தக் கேள்வியைக் கேட்காமலே சீட்டு எழுதிவிடுவார்கள்.

புழுவை மட்டும் வைத்து இந்த இரண்டையும் பிரிக்க நான் துணிய மாட்டேன். லூகோட்ரீட்டாவின் புழுவும் வளர்ந்தால் இளஞ்சிவப்புதான். ஆப்பிளின் காட்லிங் புழுவாக இருந்தால் எளிது, அதற்கு வால் பக்கத்தில் சீப்பு மாதிரி ஒரு முள்வரிசை இருக்காது. லூகோட்ரீட்டாவுக்கு அது உண்டு. அதனால் அந்து வெளிவரும் வரை காத்திருப்பதே மேல்.

வருவதில் ஆண் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். செத்த பிறகு பின்னிறக்கையை ஊசியால் மெல்ல விலக்கினால், அடிப்பகுதியில் முன்னிறக்கையோடு கோத்துக்கொள்ளும் முள்மயிர் தெரியும். ஆணுக்கு அது ஒற்றை. பெண்ணுக்கு ஒன்றுக்கு மேல். ஆண் கிடைத்தால் வேலை சுலபம். லூகோட்ரீட்டாவின் ஆணில், பின்னிறக்கையின் உள் மூலையில் வட்டமாக ஒரு பை இருக்கும். உள்ளே மயிர் போன்ற கருப்புச் செதில்கள், மேலே வெளுத்த அகலமான செதில்கள் மூடியிருக்கும். மணம் பரப்பும் உறுப்பு. இந்தப் பை இருந்தால் ஆப்பிரிக்கக்காரர், இல்லையென்றால் அவர் இல்லை. பின்னங்கால் தடிப்பை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள், நெருங்கிய உறவுகளின் ஆண்களுக்கும் காலில் செதில் அடர்த்தி வரும்.

2008இல் கலிபோர்னியாவின் வென்ச்சுரா மாவட்டத்தில் பொறியில் விழுந்தது ஒரே ஒரு ஆண் லூகோட்ரீட்டா. அந்த ஒன்றுக்காக அங்கே எவ்வளவு பேர் உட்கார்ந்து பார்த்தார்கள் என்பதைப் படித்தால், நீங்கள் மூன்றைப் பார்த்துத் தூங்காமல் இருந்தது தப்பில்லை என்று தெரியும்.

பெண் மட்டுமே வந்தால் என்னிடம் கொண்டுவாருங்கள். வயிற்றுப் பகுதியைப் பத்து சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் ஊறவைத்து, கொழுப்பைக் கழுவி, உறுப்பை எடுத்துப் பார்க்கலாம். கடையில் அதை முயற்சி செய்ய வேண்டாம், கையைப் பொசுக்கும்.

மாமாவுக்கு ஒரு ஆறுதல் செய்தி: ஆரஞ்சு, கொய்யா, மாதுளை, பருத்தி, மிளகாய், ரோஜா என்று லூகோட்ரீட்டா தின்னும் பட்டியல் நீளம். ஆனால் எலுமிச்சையில் அந்தப் புழு வளர்ந்து கரை சேருவதில்லை.


ஜூஸ்கடை தண்டையார்பேட்டை பதில்:

பதினெட்டு நாள் ஆகிவிட்டது, தாமதத்துக்கு மன்னிக்கவும் சார்.

பாட்டிலைச் சர்பத் அலமாரியின் அடித்தட்டில் வைத்திருந்தேன். தினமும் காலையில் முதலில் அதைத்தான் பார்ப்பேன். ஆறாம் நாள் ஒன்று, ஒன்பதாம் நாள் இரண்டு, முந்தாநாள் ஒன்று. மொத்தம் நான்கு வெளிவந்தன. மூன்றில் அதே முக்கோணம், அதே வெட்டு. சுவரில் பிடித்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், மாற்றி வைத்தால் எனக்கே அடையாளம் தெரியாது. நான்காவது கொஞ்சம் சின்னது, முக்கோணம் மங்கல், பின்னங்கால் தடிமன். வேறு பூச்சி என்று முதலில் பயந்தேன். மகளின் ஊசியால் பின்னிறக்கையை விலக்கி, போன் கேமராவில் லென்ஸ் மாட்டி எடுத்தேன். முள்மயிர் ஒன்றுதான். உள் மூலையில் பை எதுவும் இல்லை, செதில் ஒரே சீராக இருக்கிறது. படம் இணைத்திருக்கிறேன். பார்த்துச் சொல்லுங்கள்.


பெரம்பூர் பழைய லேப் பதில்:

பார்த்தேன். ஆண்தான். பை இல்லை. பெண்களின் முக்கோணம், புளிக்குள்ளேயே உரித்த சட்டை, இப்போது இந்த ஆண். கிரிப்டோஃபிளீபியா ஓம்ப்ரோடெல்டா என்று சீட்டு எழுதுங்கள். ஆணுக்கு அந்த முக்கோணம் பெண் அளவுக்குப் பளிச்சென்று இருக்காது, அதனால்தான் உங்களுக்கு வேறு பூச்சியாகத் தெரிந்தது. சீட்டில் புளி என்பதை மறக்காமல் போடுங்கள், ஊத்துக்கோட்டை என்றும், வெளிவந்த தேதியும். ஆறையும் ஞாயிற்றுக்கிழமை பெரம்பூருக்குக் கொண்டுவந்தால் ஒழுங்காக ஊசி குத்தி இறக்கை விரித்துத் தருகிறேன். ஒரு பெண்ணின் வயிற்றையும் பிரித்துப் பார்த்துவிடலாம், உங்களுக்கும் பார்க்க வேண்டும் என்று இருந்தால் காலை பத்து மணிக்குள் வாருங்கள், வெளிச்சம் நன்றாக இருக்கும்.


ஜூஸ்கடை தண்டையார்பேட்டை பதில்:

கட்டாயம் வருகிறேன் சார். மகளும் வருகிறேன் என்கிறாள், அவள் கிராஃப் நோட்டில்தான் இதெல்லாம் ஆரம்பித்தது. மாமாவுக்கு நேற்று இரவு போன் செய்து முழுவதையும் சொன்னேன். அடுத்த வியாழக்கிழமை எலுமிச்சை கொண்டுவருகிறார். புளி முழுவதையும் ஆயா உரித்து, உப்புப் போட்டு வீட்டுப் பானையில் அடுக்கிவிட்டது. சரக்கு அறையைக் கழுவிவிட்டு, புதிதாக வந்த ஆரஞ்சில் துளை மாதிரி தெரிகிற எதையும் வெட்டிப் பார்க்காமல் இனிக் குப்பையில் போடுவதில்லை என்று கடைப் பையனிடமும் சொல்லிவைத்திருக்கிறேன்.